பூக்காத கொடி

2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்த பிறகு நம்மில் பலருக்கும் செடிப் பைத்தியம் பிடித்தது. வீட்டை விட்டு வெளியே போக முடியாது, சரி, வீட்டுக்குள்ளேயே ஒரு காட்டை வளர்ப்போம் என்று ஆரம்பித்தோம். இன்ஸ்டாகிராம் முழுக்க போத்தோஸ், சிந்தாப்சஸ், ஹோயா. என் தோழி ஒருத்தி 'கோல்டன் போத்தோஸ்' என்று ஒரு தொங்கும் தொட்டியை ஆர்டர் பண்ணி வாங்கி அவள் அம்மாவிடம் காட்டியிருக்கிறாள். அந்தம்மா ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கேட்டாராம்: "இதுக்காடி காசு குடுத்த? இது மணிபிளான்தானே. நம்ம லயத்துல குப்பை மாதிரி கெடந்துச்சே."

அந்தம்மா சொன்னதுதான் சரி. இரண்டும் ஒன்றேதான். ஆனால் அந்தக் 'குப்பை' எங்கிருந்து வந்தது, எப்படி ஒரு தோட்டப்புற லயத்தின் வாசலுக்கு வந்து சேர்ந்தது என்று தேடிப் போனால், அது ரப்பரின் வரலாற்றோடும் நம் ஆட்களின் கைவேலையோடும் பின்னிக்கொண்டு கிடக்கிறது.

முதலில் பெயரிலிருந்து தொடங்குகிறேன். ஏனென்றால் இந்தக் கொடி அளவுக்குப் பெயரில் அலைக்கழிக்கப்பட்ட செடி குறைவு. 1880இல் பெல்ஜியத்தில் ழான் லிண்டன் என்ற செடி வியாபாரியும் எதுவார் ஆந்த்ரே என்ற தோட்டக்கலைஞரும் ஒரு படம் போட்ட தோட்டக்கலை இதழில் இதற்கு 'போத்தோஸ் ஆரியஸ்' என்று பெயர் வைத்தார்கள். ஆரியஸ் என்றால் பொன்னிறம். போத்தோஸ் என்பது லின்னேயஸ் இலங்கைச் செடிகளைப் பற்றி எழுதும்போது அங்குள்ள ஒரு கொடியின் சிங்களப் பெயரிலிருந்து எடுத்தது. ஆக, பசிபிக் தீவுச் செடிக்கு பெல்ஜியத்தில் வைத்து இலங்கைப் பெயர். 1908இல் எங்லர் என்ற ஜெர்மானியர் இதை சிந்தாப்சஸ் பேரினத்துக்கு மாற்றினார். 1960களின் தொடக்கத்தில் ஒரு பூ கிடைத்தது. அதை வைத்து ராஃபிடோஃபோரா என்றார்கள். பிறகு 1964இல் பண்டிங் என்பவர் எபிப்ரெம்னம் ஆரியம் என்று முடித்துவைத்தார். இன்று அதுதான் அதன் தாவரவியல் பெயர். கடைக்காரர்கள் மட்டும் 1880ஐ விட்டு நகரவே இல்லை, இன்னமும் போத்தோஸ்தான்.

இவ்வளவு குழப்பத்துக்கும் ஒரே காரணம், இந்தக் கொடி பூப்பதில்லை. செடிகளை வகைப்படுத்துகிறவர்களுக்குப் பூதான் அடையாள அட்டை. 2016இல் வெளிவந்த ஒரு ஆய்வு இதற்கான காரணத்தைக் கண்டுபிடித்தது. பூப்பதற்குத் தேவையான ஜிப்ரலின் என்ற ஹார்மோனை உண்டாக்கும் ஒரு மரபணு இதில் வேலை செய்வதில்லை. அந்த ஹார்மோனை வெளியிலிருந்து தெளித்தபோது செடி பூத்தது. தானாகப் பூத்ததாக 1964க்குப் பிறகு பதிவு இல்லை என்றும் அந்த ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

பூ இல்லையென்றால் காய் இல்லை, விதை இல்லை. அப்படியானால் தஹித்திக்குப் பக்கத்தில் இருக்கும் மோரேயா என்ற சின்னஞ்சிறு தீவுதான் இதன் பூர்வீகம் என்கிறார்களே, அங்கிருந்து ஜொகூர் வரைக்கும், கோயம்புத்தூர் வரைக்கும் எப்படி வந்தது? கைமாறி வந்தது. ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் ஒரு துண்டை வெட்டி இன்னொருவர் கையில் கொடுத்திருக்க வேண்டும், வேறு வழியே கிடையாது. கடலைக் கடந்து தேங்காய் மிதந்து வரும், ஆலம்பழத்தைப் பறவை தூக்கி வரும். மணிபிளானுக்கு மனுசன்தான்.

தூரப் பயணத்துக்கு உதவியது ஒரு கண்ணாடிப் பெட்டி. 1829இல் லண்டன் மருத்துவர் நத்தானியல் வார்ட், மூடிய கண்ணாடிப் புட்டிக்குள் ஒரு பெரணி தானாகவே முளைத்து உயிரோடு இருப்பதைக் கவனித்தார். அதே முறையில் பெட்டி செய்து 1833இல் செடிகளை சிட்னிக்குக் கப்பலில் அனுப்பிப் பார்த்தார். பிழைத்துப் போய்ச் சேர்ந்தன. அதுவரை கப்பல்தளத்தில் உப்புக்காற்றில் செத்துக்கொண்டிருந்த செடிகள் அதன்பிறகு சரக்கு ஆகின. லிண்டன் போன்றவர்கள் வெப்பமண்டலச் செடிகளை ஐரோப்பியப் பணக்காரர்களின் கண்ணாடி வீடுகளுக்கு விற்றுப் பிழைத்தது இந்த யுகத்தில்தான்.

நம் கதையைத் தீர்மானித்த செடியும் அதே யுகத்தில்தான் வந்தது. 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்தவை மூவாயிரத்துக்கும் குறைவு. அவற்றின் வழியில் 1877இல் 22 நாற்றுகள் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவுக்கு வந்தன. அதில் ஒன்பதை கோலகங்சாரில் ஹியூ லோ நட்டார். பாருங்கள், எத்தனை துல்லியம்! 22, ஒன்பது, எந்த ஆண்டு, யார் கையால் என்று எல்லாமே பதிவில் இருக்கிறது. அந்த ரப்பரில் பால் எடுக்க வந்த நம் ஆட்களில் எத்தனை பேருடைய குடும்பத்துக்கு இப்படி ஒரு கணக்கு இருக்கிறது? என் கொள்ளுத்தாத்தா வந்த கப்பலின் பெயர் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. ஊர்ப்பெயரே இரண்டு மாதிரி சொல்வார்கள்.

என் பாட்டி வளர்த்த மணிபிளான் ஒரு மைலோ டின்னில் இருந்தது. அடியில் ஆணியால் நாலு ஓட்டை. வாசல் தூணில் ஒரு கயிறு கட்டி விட்டிருந்தார். பாட்டிக்குத் தோட்டக்கலை யாரும் சொல்லித் தரவில்லை. ஆனால் எங்கே வெட்டினால் பிடிக்கும் என்று தெரியும். "கணுவுக்குக் கீழ வெட்டு, இலைய மட்டும் கிள்ளிட்டு வந்தா அது சாம்பார்ல போடத்தான் ஆகும்" என்பார். (சாம்பாரில் போட்டுவிடாதீர்கள். விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.)

இந்த அறிவு எங்கிருந்து வந்தது? எனக்கு ஒரு பதில் இருக்கிறது: வெற்றிலை.

வெற்றிலைக் கொடிக்காலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கும்பகோணம், சோழவந்தான் பக்கமெல்லாம் அகத்தியை வளர்த்து அதன் நிழலில், அதன் உடம்பிலேயே கொடியை ஏற்றுவார்கள். விதை போடுவதில்லை. முதிர்ந்த கொடியைச் சில கணுக்கள் இருக்கும்படி துண்டாக்கி, ஒன்றிரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி ஊன்றுவார்கள். கணுவில் வேர் விடும், வேரால் தூணைப் பிடித்து ஏறும், இலை இதய வடிவம். வெற்றிலை வளர்த்த கைக்கு மணிபிளான் புதுசே இல்லை. இத்தனைக்கும் இரண்டும் வேறு வேறு குடும்பம். வெற்றிலை மிளகின் உறவு, மணிபிளான் சேம்பு, கருணைக்கிழங்கின் உறவு. ஆனால் கைக்கு என்ன, தாவரவியல் குடும்பமா தெரியும்?

இந்த ஒப்புமையை நான் மட்டும் கண்டுபிடித்ததாக நினைக்க வேண்டாம். மலாயிலும் இந்தோனேசியாவிலும் இந்தக் கொடிக்குப் பெயரே 'சிரே காடிங்'தான். சிரே என்றால் வெற்றிலை, காடிங் என்றால் யானைத் தந்தம். தந்த வெற்றிலை! 'மணிபிளான்ட்' என்ற ஆங்கிலப் பெயர் காசைப் பார்க்கிறது. மலாய்ப் பெயர் இலையைப் பார்க்கிறது. எனக்கு மலாய்ப் பெயர்தான் பிடித்திருக்கிறது. வெற்றிலையே இந்த மலாயத் தீவுக்கூட்டத்துப் பக்கத்திலிருந்துதான் ஆதியில் இந்தியாவுக்குப் போனது என்று தாவரவியலாளர்கள் கருதுகிறார்கள் என்பதையும் சேர்த்துக்கொண்டால், கொடி வெட்டி நடும் பழக்கம் வங்காள விரிகுடாவில் ஒருமுறை போய் மறுபடி திரும்பி வந்திருக்கிறது.

சரி, வெற்றிலை ஒரு பக்கம். இன்னொரு பக்கம் ரப்பர் காட்டிலேயே வெட்டி நடுகிற வேலை நடந்துகொண்டிருந்தது. இதுதான் நான் கொஞ்சம் நின்று பேச விரும்பும் இடம்.

ஆரம்பகாலத் தோட்டங்கள் விதையில் வளர்ந்தவை. விதையில் வளர்ந்தால் பிள்ளைகள் மாதிரி, ஒன்று நிறைய பால் தரும், பக்கத்திலிருப்பது ஏமாற்றும். முதலாளிக்கு இது சரிப்படுமா? 1910களில் ஜாவா, சுமத்ரா பக்கம் டச்சுக்காரர்கள் மொட்டு ஒட்டும் முறையை ரப்பருக்குச் செய்து காட்டினார்கள். அதிகம் பால் தரும் ஒரு தாய்மரத்தின் குச்சியிலிருந்து ஒரு மொட்டைப் பட்டையோடு சீவி எடுக்க வேண்டும். நாற்றின் பட்டையை ஒரு ஜன்னல் மாதிரி திறந்து அதற்குள் செருகி, காற்றும் தண்ணீரும் போகாமல் நாடா சுற்றிக் கட்ட வேண்டும். ஏறத்தாழ மூன்று வாரத்தில் அவிழ்த்துப் பார்த்து, பிடித்திருந்தால் நாற்றின் மேல்தண்டை வெட்டிவிட வேண்டும். அதன்பிறகு வளர்வது தாய்மரத்தின் நகல். 1920களில் மலாயாத் தோட்டங்களில் இது பரவியது. 1925இல் ரப்பர் ஆய்வுக் கழகத்துக்கான சட்டமே வந்தது.

இந்த ஒட்டுமரங்களில் பேர் போனது பி.பி. 86. 'பி.பி.' என்பது பிராங் பெசார் தோட்டம். முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய பிரிட்டிஷ் அதிகாரிகள் சிலர் சேர்ந்து 1921இல் சிலாங்கூரில் தொடங்கியது. பெயருக்கு மலாயில் 'மாபெரும் போர்' என்றே அர்த்தம். அங்கே தேர்ந்தெடுத்த தாய்மரங்களுக்கு எண் கொடுத்தார்கள், ஒவ்வொன்றின் பாலையும் எடைபோட்டு எழுதினார்கள். 86ஆம் எண்ணின் குச்சிகள் மலாயா முழுக்கப் போயின. ஒரே மரம், லட்சக்கணக்கான உடம்பு.

பட்டை சீவுவது நுட்பமான வேலை. கத்தி கொஞ்சம் ஆழமாகப் போனால் மரம் கெட்டது, மேலோட்டமாகப் போனால் மொட்டு காய்ந்தது. வியர்வை பட்டாலும் பிடிக்காது என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். என் தாத்தா எங்கள் தோட்டத்து நாற்றங்காலில் கொஞ்ச காலம் ஒட்டுக் கட்டியவர். ஒரு நாளைக்கு எத்தனை கட்டினார் என்பதைவிட எத்தனை 'பிடிச்சது' என்பதுதான் அவருக்குப் பெருமை. மரத்துக்கு எண் இருந்தது. கட்டிய கைக்கு செக்ரோலில் ஒரு வரி இருந்திருக்கும். அந்த செக்ரோலும் இன்று இல்லை.

இந்த இடத்தில் ஒரு ஆசை வரும். வேரில்லாமல் கிடைத்த இடத்தில் பிழைக்கும் கொடி, அதுதான் நம் புலம்பெயர்வின் குறியீடு என்று ஒரு கவிதை எழுதிவிடலாம். எழுதியும் இருக்கிறார்கள், நானும் மேடையில் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மணிபிளான் எங்கே நட்டாலும் அதே செடிதான். மோரேயாவில் இருந்ததன் நகல். நம் ஆட்கள் அப்படி நகலாக இருக்கவில்லை. இங்கே வந்து வேறு மொழி பேசினார்கள், வேறு சாப்பாடு சாப்பிட்டார்கள், தொழிற்சங்கம் கட்டினார்கள், சண்டை போட்டார்கள், பெற்றுப் பெருகினார்கள். நகலாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தது முதலாளி, மரத்திடமும் ஆளிடமும்.

பிராங் பெசாருக்குத் திரும்புகிறேன். 1995இல் அந்த நிலத்தில் புத்ராஜெயாவைக் கட்டத் தொடங்கினார்கள். பிராங் பெசார், காலவே, மெடிங்லி, செஜ்லி என்ற நான்கு தோட்டங்களின் குடும்பங்கள் டிங்கிலில் இருக்கும் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு மாற்றப்பட்டன. அந்தக் குடும்பங்கள் கேட்டது தரைவீடு. கிடைத்தது மாடிவீடு. தரைவீட்டுக்கான அவர்களின் போராட்டம் இருபது ஆண்டுகளைத் தாண்டியும் செய்தியில் வந்துகொண்டே இருந்தது. 86ஆம் எண் மரத்தை உருவாக்கிய மண்ணில் இன்று பிரதமர் அலுவலகம் இருக்கிறது.

மாடிவீட்டுக்குப் போனவர்கள் எதை எடுத்துப் போயிருப்பார்கள்? எங்கள் குடும்பம் வேறொரு தோட்டம்தான், ஆனாலும் 1990களில் இதே கதை. லயத்துக்குப் பின்னால் முருங்கை, வாழை, கறிவேப்பிலை, மரவள்ளி, ஒரு பலா, கோழிக்கூண்டு. இதில் எதைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறுவது? முருங்கைக் கொம்பை ஒடித்துக்கொண்டு போகலாம், நட மண் வேண்டுமே. கடைசியில் மாடிக்கு வந்தது மூன்று: துளசித் தொட்டி, கற்பூரவல்லி, மணிபிளான். அதிலும் துளசிக்கு வெயில் போதவில்லை, செத்துப்போனது. கற்பூரவல்லி இழுத்துக்கொண்டு கிடந்தது. மணிபிளான் மட்டும் ஓரியோ டப்பாவில், ஹார்லிக்ஸ் பாட்டிலில், குளியலறை ஜன்னலில் என்று ஊர்ந்தது. 'பராமரிப்பு குறைவான செடி' என்று இப்போது விற்கிறார்களே, அந்தக் குணத்தின் அருமை எனக்குத் தெரிந்தது இப்படித்தான். அழகுக்காகப் பாட்டி அதை வளர்த்தார் என்று நான் நினைக்கவில்லை. பச்சையாக எதுவோ ஒன்று கையில் வளர வேண்டும் என்ற பழக்கம் விடவில்லை.

திருடி வைத்தால்தான் காசு வரும் என்ற நம்பிக்கையைப் பற்றிச் சொல்லாமல் போனால் யாரும் மன்னிக்க மாட்டீர்கள். தமிழ்நாட்டிலும் அதே நம்பிக்கைதான். விதையில்லாத செடி பரவ வேண்டும் என்றால் கொடுப்பதும் திருடுவதும் மட்டும்தான் வழி. ஊரே சேர்ந்து அதற்கு ஒரு அனுமதி கொடுத்து வைத்திருக்கிறது என்று எனக்குத் தோன்றும். அடுத்த வீட்டுக்காரி கிள்ளிக்கொண்டு போவதைப் பாட்டி பார்த்தும் பார்க்காத மாதிரி உள்ளே போய்விடுவார். காசு வந்ததா? லயத்தில் எல்லார் வீட்டிலும் மணிபிளான் இருந்தது.

நவீன மூடநம்பிக்கை ஒன்றும் உண்டு. அதையும் நாசாவின் பெயரைச் சொல்லி விற்கிறார்கள். 1989இல் நாசாவுக்காக வோல்வர்டன் செய்த சோதனையில், மூடிய சிறு அறைக்குள் வைத்த செடிகள் பென்சீன், ஃபார்மால்டிஹைடு போன்றவற்றைக் குறைத்தது உண்மை. சோதித்த செடிகளில் மணிபிளானும் உண்டு. ஆனால் நம் வீடு மூடிய பெட்டி அல்ல. 2019இல் பழைய சோதனைகளையெல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பார்த்த இருவர், ஜன்னல் வழி வந்துபோகும் காற்று செய்யும் வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமானால் ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1000 செடிகள் வேண்டும் என்றார்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள், போதும்.

வளர்க்க நினைப்பவர்களுக்குப் பாட்டி முறையை அப்படியே சொல்கிறேன். கணுவைக் கண்டுபிடியுங்கள். இலைக்காம்பு தண்டில் சேரும் இடத்தில் பழுப்பாக ஒரு மொட்டு மாதிரித் துருத்திக்கொண்டிருக்கும், அது வேர். அதற்கு ஒரு விரற்கடை கீழே வெட்டி, கணு தண்ணீருக்குள், இலை வெளியே இருக்கும்படி பாட்டிலில் வையுங்கள். கணு இல்லாத இலை பல நாள் பச்சையாக இருந்து உங்களை ஏமாற்றும், கொடியாகாது. இரண்டு வாரத்தில் வெள்ளை வேர் தெரியும். இரண்டு, மூன்று அங்குலம் வந்ததும் மண்ணுக்கு மாற்றுங்கள். தண்ணீரிலேயே ரொம்ப நாள் விட்டால் மண் பிடிக்க அடம்பிடிக்கும். மேல்மண் காய்ந்த பிறகு தண்ணீர். இந்தச் செடி தாகத்தில் சாவதைவிட அன்பில் அழுகிச் சாவதுதான் அதிகம். இருட்டு மூலையில் வைத்தால் மஞ்சள் கோடுகள் மங்கி வெறும் பச்சையாகும், ஏனென்றால் மஞ்சள் பகுதியில் பச்சையம் குறைவு, வெளிச்சம் போதாத செடிக்கு அந்த ஆடம்பரம் கட்டுப்படியாகாது. கொடி நீண்டு அடிப்பகுதி மொட்டையானால் நுனியை வெட்டி அதே தொட்டியில் ஊன்றுங்கள்.

விஷம் பற்றிச் சொல்கிறேன் என்றேன். கருணைக்கிழங்கு சரியாக வேகாவிட்டால் நாக்கு அரிக்கும் அல்லவா, அதே கால்சியம் ஆக்சலேட் ஊசிகள்தான் இதிலும். பூனையோ கைக்குழந்தையோ இருக்கும் வீட்டில் உயரத்தில் தொங்கவிடுங்கள்.

அடுத்து கொசு. தண்ணீர் பாட்டிலில் மணிபிளான் வைப்பது ஏடிஸுக்கு வாடகையில்லா வீடு கொடுப்பது. பினாங்கில் டெங்கி 1901, 1902 வாக்கிலேயே பதிவான நோய், நமக்குப் புதிதல்ல. சிங்கப்பூரில் 1968லும் மலேசியாவில் 1975லும் நோய்பரப்பும் பூச்சிகளை ஒழிக்கச் சட்டம் வந்தது. அதிகாரிகள் வீட்டுக்குள் வந்தால் தட்டிப் பார்ப்பது பூச்சாடியையும் செடித்தட்டையும்தான். கைவிடப்பட்ட ரப்பர் காட்டில் மழைத்தண்ணீர் நிறைந்த பால் மங்குகளிலும் இதே புழுக்கள் நெளியும். முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம் போதும் என்பதால், தண்ணீரை இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றி, வேரையும் பாட்டிலின் உள்சுவரையும் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டை சுவரில் ஒட்டியிருக்கும், தண்ணீரை மட்டும் கொட்டினால் போகாது.

கடைசியாக, தொங்கவிடுவதைப் பற்றி. தொட்டியிலிருந்து கீழே தொங்கும் மணிபிளானின் இலை சிறுத்துக்கொண்டே போகும். அதையே ஒரு மரத்தில் ஏறவிட்டால் ஆளே மாறிவிடும். இலை முறம் போல விரிந்து, ஓரம் கிழிந்து, ஒரு மீட்டர் நீளம் வரைக்கும் போகும். நாம் வீட்டில் பார்ப்பது வளராத பிள்ளையை. எங்கள் பழைய தோட்டம் இருந்த இடத்துக்கு இரண்டு முறை போயிருக்கிறேன். பாதி வீடமைப்பு, பாதி செம்பனை. லயம் இருந்ததற்கு ஒரு கல் கூட இல்லை. ஆனால் வரிசையாக நாலு மாமரம் நிற்கிறது, அதில் இரண்டின் உச்சிவரை மணிபிளான் ஏறியிருக்கிறது. அந்தக் கொடி அடியில் எங்கே தொடங்குகிறது என்று பார்த்து, லயத்தின் வாசல் எந்தப் பக்கம் இருந்தது என்று அம்மா சொல்லிவிட்டார்.

ஆனால் இதைப் பார்த்து உருகிவிட்டு, வீட்டில் கத்தரித்த கொடியை ஆற்றோரத்திலோ காட்டோரத்திலோ வீசிவிடாதீர்கள். இலங்கையிலும் ஹவாயிலும் இது தப்பித்துப் போய்க் காட்டை மூடிக்கொண்டிருக்கிறது. ஒரு கணு மண்ணில் பட்டால் போதும், ஏறிவிடும். நறுக்கி, வெயிலில் நன்றாகக் காயவைத்து, பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். இல்லையென்றால் பக்கத்து வீட்டில் கொடுங்கள்.